மனந்திரும்ப மறுக்கும் கதைமாந்தர்

பங்குத் திருவிழா மலர்களிலும், கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புப் பெருவிழாச் சிறப்பிதழ்களிலும் வெளிவரும் சிறுகதைகளுள் ஒரு வகை நம் அனைவருக்கும் பழக்கமானது. குடித்துக் குடும்பத்தைக் கெடுத்த ஒரு தந்தை. கண்ணீரோடு செபமாலை சொல்லும் ஒரு தாய். நோயுற்ற ஒரு குழந்தை. நள்ளிரவில் ஆலய மணி ஒலிக்கிறது. அதுவரை கல்லாய் இருந்த தந்தையின் நெஞ்சம் உருகுகிறது. பீடத்தின்முன் வந்து மண்டியிடுகிறார். கதை முடிகிறது. எழுதியவரின் எண்ணம் தூயது; சொல்ல வந்த செய்தியும் மெய்யானது. குடியை விட்டு மீண்டவர்கள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. ஆயினும் இதழை மூடிய சிறிது நேரத்திற்குள் அந்தத் தந்தையின் முகம் நம் நினைவிலிருந்து மறைந்துவிடுகிறது. வாழ்வில் உண்மையாய் நிகழ்கின்ற ஒன்று, கதையில் மட்டும் ஏன் பொய்யாகத் தோன்றுகிறது?

இதனை எழுத்துத்திறன் பற்றிய கேள்வி என்றே நாம் பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம். நடை போதவில்லை, உரையாடல் இயல்பாக இல்லை, முடிவு திடீரென வந்துவிட்டது என்று காரணம் கூறுகிறோம். இவை யாவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இவற்றின் அடியில் அறம் சார்ந்த ஒரு கேள்வி புதைந்துள்ளது. தான் படைத்த மனிதனை மனந்திருப்பும் உரிமை எழுத்தாளனுக்கு உண்டா? 'இவனை நல்லவனாக்கியே தீருவேன்' என்று ஒரு மனிதன்மேல் கைவைப்பது, அம்மனிதன் காகிதத்தில் மட்டுமே வாழ்பவன் என்றாலும், அன்பின் செயலாகுமா? புனைகதை எழுத விரும்பும் நம் இளைஞர்கள், உத்திகளைக் கற்பதற்கு முன்னர் இக்கேள்வியோடு சிறிது காலம் வாழ்ந்து பார்ப்பது நல்லது.

அறம் உரைக்க வந்த கதை

அறம் உரைப்பதற்காகக் கதை சொல்வது நமக்குப் புதிதன்று. தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர், முன்சீபாகப் பணியாற்றியவர், அதற்கு முன்பே 'நீதி நூல்' இயற்றியவர். ஆகவே நாவலிலும் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னும் வாசகர் நெஞ்சில் எஞ்சி நிற்பது எது? ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியின் அரியணையில் அமர்ந்து ஆட்சி நடத்தும் ஞானாம்பாள் அன்றோ! அந்நூலின் நீதிமொழிகளுள் ஒன்றையும் நினைவிலிருந்து சொல்ல இயலாதவர்கூட ஞானாம்பாளை மறப்பதில்லை. ஆசிரியர் அறத்தைப் புகட்ட வந்தார். அவர் படைத்த பெண்ணோ அறவுரையைத் தாண்டித் தன் காலில் நடந்து சென்றுவிட்டாள். கதைமாந்தருக்கு இப்படித் தன் காலில் நடக்கும் இயல்பு ஒன்று உண்டு. அதனை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதே எழுத்தாளன் எதிர்கொள்ள வேண்டிய முதற் சோதனை.

இச்சோதனையை நெடுங்காலம் எதிர்கொண்டு, அதில் வெற்றியும் தோல்வியும் கண்டவர் பிரெஞ்சு நாவலாசிரியர் பிரான்சுவா மொரியாக். 1885-இல் போர்தோ நகரில் பிறந்து, 1952-இல் நோபல் பரிசு பெற்று, 1970-இல் மறைந்தவர். ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். அவருடைய வரலாற்றை ஒரு பாடமாகவே நாம் பயிலலாம்.

தெரேஸ் என்னும் பெண்

1906-ஆம் ஆண்டு, இருபது வயது இளைஞராக மொரியாக் தம் ஊர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கைக் கண்டார். கணவனுக்கு நஞ்சிட முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண் கூண்டில் நின்றாள். அந்த முகம் அவரை விட்டு அகலவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1927-இல், 'தெரேஸ் தெஸ்கேரூ' என்னும் நாவலாக அது வெளிவந்தது.

இந்நாவலின் தொடக்ககால வரைவு ஒன்றில், ஒரு பெண் குருவானவர் ஒருவருக்குத் தன் பாவத்தை எழுத்தில் அறிக்கையிடுவதாக மொரியாக் அமைத்திருந்தார். நம்பிக்கையுள்ள எழுத்தாளருக்கு அது எவ்வளவு வசதியான வடிவம்! அறிக்கையிடுபவளுக்கு மன்னிப்பு எளிதில் கிடைத்துவிடும். வாசகரும் நிம்மதியாக உறங்கச் செல்லலாம். அவ்வரைவை அவர் கைவிட்டார். நூலாக வெளிவந்த கதையில் தெரேஸ் எக்குருவானவரிடமும் செல்லவில்லை. கணவன் பெர்னார், ஆர்செனிக் கலந்த மருந்தை அருந்தி வருபவன். காட்டுத்தீ பரவிய ஒரு நாளில், பரபரப்பில் இரு மடங்கு அருந்திவிடுகிறான். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திலிருந்துதான் குற்றம் தொடங்குகிறது. பிறகு அவளே மருந்தின் அளவைக் கூட்டத் துணிகிறாள். குடும்ப மானத்தைக் காக்கக் கணவனே பொய்ச்சான்று சொல்லி அவளை வழக்கிலிருந்து மீட்கிறான். பின்னர் வீட்டிலேயே சிறை வைக்கிறான். இறுதியில், பாரிஸ் நகரில் அவளைத் தனியே விட்டுச் செல்லுமுன், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறான். ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட அவளால் இயலவில்லை. நகரத்து மக்கள் திரளுக்குள் அவள் நடந்து மறைகிறாள்.

அவளைக் கடவுளிடம் கொண்டு சேர்க்கவேண்டும் என்று தமக்கிருந்த விருப்பத்தை நாவலின் முன்னுரையிலேயே மொரியாக் மறைக்காமல் எழுதினார். ஆயினும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லவில்லை. தெருவில் விட்டுச் செல்கிறார். அங்கே அவள் தனியாக இல்லை என்று நம்பவும் செய்கிறார். எழுத்தாளனின் எல்லை அவ்வளவே. தன் மாந்தருக்காக அவன் மன்றாடலாம். அவர்களுக்குப் பதிலாக மனந்திரும்ப அவனால் இயலாது.

தீமையை எழுதுவது தீமையா?

இவ்வாறு எழுதியமைக்காக மொரியாக் இரு பக்கத்திலிருந்தும் தாக்கப்பட்டார். பக்தியுள்ளோர் சிலர், இத்தகைய இருண்ட மாந்தரைப் படைப்பவர் எப்படிக் கத்தோலிக்க எழுத்தாளர் ஆவார் என்று வினவினர். மறுபக்கம் ஆந்த்ரே ழீத் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர், 1928-இல் மொரியாக்குக்கு எழுதி வெளியிட்ட கடிதத்தில், கடவுளையும் விடாமல் செல்வமாகிய மாமோனையும் விடாமல் இருக்க அவர் ஒரு சமரசம் தேடுவதாக எள்ளி நகையாடினார். மொரியாக் அதற்குச் சினங்கொண்டு விடையிறுக்கவில்லை. 'கடவுளும் மாமோனும்' என்னும் பொருள்படும் நூலை 1929-இல் எழுதித் தம்மைத் தாமே சோதித்தறிந்தார். தீமையின் அருகில் சென்று எழுதுபவன், எழுதும்போதே அத்தீமையோடு இரகசியமாகக் கைகோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதற்கு வழி யாது? தீமையை எழுதாமல் விடுவது வழியாகாது. கதை சுரக்கும் ஊற்றை, அதாவது எழுதுபவனின் உள்ளத்தைத் தூய்மை செய்வதே வழி என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

மெய்யியலார் ழாக் மாரித்தேனும் இதனையொட்டியே சிந்தித்தார். தீமையை நாவலாசிரியன் வரையலாமா என்பதைவிட, எந்த உயரத்தில் நின்று வரைகிறான், தீமைக்கு உடந்தையாகாமல் வரையும் அளவுக்கு அவன் உள்ளமும் கலையும் உறுதியாய் உள்ளனவா என்பதே முதன்மையான கேள்வி என்றார் அவர். இக்கருத்து இன்றும் பழமையாகிவிடவில்லை. வன்முறையை எழுதும்போது அதனைச் சுவைக்கிறோமா, அல்லது அதற்காக வருந்துகிறோமா என்பதை வாசகர் எளிதில் கண்டுகொள்வர். பாவியின் கதையை எழுதுபவர் அவனைவிடத் தாம் மேலானவர் என்று உள்ளூர மகிழ்ந்தால், அதுவும் ஒருவகைச் சுவைப்புத்தான்.

கிழித்தெறிந்த பக்கங்கள்

தெரேஸை மொரியாக்கால் மறக்க இயலவில்லை. 1935-இல் 'இரவின் முடிவு' என்னும் பொருள்படும் நாவலில் அவளை மீண்டும் அழைத்து வந்தார். இம்முறை அவளுக்கு மன்னிப்பும் ஆறுதலும் கிடைக்கச் செய்யவேண்டும் என்பது அவர் எண்ணம். அப்பக்கங்களை எழுதவும் செய்தார். ஆனால் கிழித்துப் போட்டுவிட்டார். அவளுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கவேண்டிய குருவானவரின் முகம் தமக்குத் தென்படவில்லை என்று அவரே முன்னுரையில் கூறுகிறார். நம்பிக்கையின்மையால் அவர் அப்பக்கங்களைக் கிழிக்கவில்லை. தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுத அவர் மனச்சான்று இடங்கொடுக்கவில்லை. காணாத முகத்தைக் கண்டதாக எழுதுவது பொய். மீட்பைப் பற்றிய பொய்யானாலும் அது பொய்யே.

இத்துணை நேர்மையாளரும் தப்பவில்லை. 1939-இல், அப்போது இளைஞராயிருந்த ழான் பால் சார்த்தர், இதே நாவலை எடுத்துக்கொண்டு கடுமையான திறனாய்வு ஒன்றை எழுதினார். மொரியாக் ஒரு கணம் தெரேஸின் உள்ளத்துக்குள் நுழைகிறார். மறுகணம் வானத்திலிருந்து அவளுக்குத் தீர்ப்பிடுகிறார். எல்லாம் அறிந்த கடவுளின் இருக்கையில் அமர்ந்துகொள்கிறார். அதனால் அவள் தன் சுதந்திரத்தை இழந்து வெறும் பொருளாகிவிடுகிறாள் என்பது குற்றச்சாட்டு. கடவுள் நம்பிக்கை அற்ற ஒருவர், நம்பிக்கையுள்ள ஒருவரைப் பார்த்து, 'நீர் கடவுளின் இடத்தைப் பிடித்துக்கொண்டீர்' என்று சொன்னதை எண்ணிப் பாருங்கள்! மொரியாக்குக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று; பிரெஞ்சு அக்காதெமியின் உறுப்பினராகி ஆண்டுகள் ஆறாகின்றன. அந்நிலையில் வந்த அடி அது.

1941-இல் வெளிவந்த அவருடைய அடுத்த பெரும் நாவலில், கதையைச் சொல்பவன் அக்குடும்பத்திலேயே வளர்ந்த ஒருவன். தான் நேரில் காணாதவற்றைப் பிறர் கடிதங்கள், நாட்குறிப்புகள் வழியாக எப்படி அறிந்தான் என்பதையும் அவன் விளக்கிச் செல்கிறான். சார்த்தருக்கு இது ஒரு மறைமுக விடை என்று திறனாய்வாளர் பலர் கருதுவர். அந்நாவலின் மையப்பாத்திரமும் கருதத்தக்கது. பிரிஜித் பியான் என்னும் அப்பெண்மணி மிகுந்த பக்தி உடையவள். தன்னைச் சுற்றியுள்ளோரையெல்லாம் நிறைவுள்ளவர்களாக்கியே தீருவேன் என்று அவர்கள் வாழ்வில் தலையிட்டு, ஒவ்வொருவரையும் துன்பத்தில் ஆழ்த்துகிறாள். புண்ணியங்களைச் சேர்த்துக் குவிப்பதைவிட அன்பு செய்வதே பெரிது என்பதை முதுமையில்தான் கற்றுக்கொள்கிறாள். மோசமான நாவலாசிரியன் தன் மாந்தருக்குச் செய்வதைத்தான் அவள் மெய்யான மனிதருக்குச் செய்தாள். தம்மேல் விழுந்த குற்றச்சாட்டைக் கதையாக மாற்றி, அதன் அடியாழம் வரை சென்று பார்த்துவிட்டார் மொரியாக். பின்னடைவை இதனினும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ள இயலுமா?

வாசலில் நின்ற மகன்

அப்படியானால் மனமாற்றத்தைக் கதையில் எழுதவே கூடாதா? எழுதலாம். 1932-இல் மொரியாக் எழுதிய 'விரியன்களின் முடிச்சு' என்னும் நாவலில், பணத்தாசையும் பகையும் நிறைந்த முதிய வழக்கறிஞன் ஒருவன் மெல்ல மெல்ல ஒளியை நோக்கித் திரும்புகிறான். ஆனால் அதற்கு முன் நாம் அவனுடைய வெறுப்பை முழுமையாகக் கேட்டிருக்கிறோம். தன் சாவுக்குப் பின் மனைவி படிக்கவேண்டும் என்று அவன் எழுதத் தொடங்கிய நெடிய கடிதமே நாவல். திருமணமான புதிதில், தனக்கு முன் வேறொருவனை அவள் விரும்பியிருந்தாள் என்று அறிந்த நாளில் பட்ட காயம் எப்படிப் புரையோடியது என்பதை அவன் வாயாலேயே அறிகிறோம். எதிர்பாராத வகையில் மனைவி முந்திக்கொண்டு இறந்துவிடுகிறாள். கடிதம் உரியவரின்றி நிற்கிறது. அவன் திரும்பாமலேயே இறந்திருக்கவும் கூடும் என்று நாம் அஞ்சுகிறோம். அந்த அச்சம் மெய்யாக இருப்பதால்தான் அவன் திரும்புதலும் மெய்யாகிறது.

உரைகல் இதுவே. மனந்திரும்பும் பாத்திரத்திற்கு மறுப்பதற்கும் வாய்ப்பிருந்ததா? இருந்தால் கதை உயிருள்ளது. இல்லையெனில் அவன் கயிற்றில் ஆடும் பொம்மை.

இதனை நமக்கு நாவலாசிரியர்கள் கற்றுத்தரும் முன்பே, நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் ஓர் உவமை கற்றுத்தந்துள்ளது. ஊதாரி மைந்தன் திரும்பி வந்ததையே நாம் பெரிதும் பேசுகிறோம். ஆனால் லூக்கா நற்செய்தியில் அக்கதை அங்கு முடியவில்லை. மூத்த மகன் சினங்கொண்டு வெளியே நிற்கிறான். தந்தை வெளியே வந்து அவனிடம் வருந்திக் கேட்கிறார். அவன் உள்ளே சென்றானா? கதை சொல்லவில்லை. வீட்டினுள் விருந்து நடக்கிறது, வாசலில் ஒருவன் நிற்கிறான், கதை முடிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தோரே அந்த மூத்த மகன்; அவர்கள் தரவேண்டிய விடையை அவர்களுக்குப் பதிலாகக் கதை தந்துவிட விரும்பவில்லை. யோனா நூலும் இவ்வாறே கடவுளின் கேள்வி ஒன்றோடு நிற்கிறது. இறைவாக்கினரின் மறுமொழி அங்கே எழுதப்படவில்லை. எல்லாம் வல்லவர் தம் படைப்புக்கு அளிக்கும் விடுதலையை, ஒரு பேனாவைக் கையில் பிடித்த நாம் மறுப்பது எவ்வகையில் தகும்?

எழுதுபவருக்குச் சில சொற்கள்

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் குறிப்பிட்ட குடிகாரத் தந்தையையே மீண்டும் எழுதுவதாகக் கொள்வோம். எங்கிருந்து தொடங்குவது?

அவர் மனந்திரும்பவேண்டும் என்ற விருப்பத்தைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவரைப் பார்க்கத் தொடங்குங்கள். அவர் என்ன வேலை செய்கிறார்? கூலி எந்தக் கிழமை கைக்கு வருகிறது? யாரிடம் கடன்? எந்தச் சொல்லால் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு மதுக்கடைப் பக்கம் திரும்புகிறார்? குடிக்காத வேளையில் மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிடும் பழக்கம் அவருக்கு உண்டா? அவர் பக்கத்து நியாயத்தை, கேட்பவர் ஒரு கணம் தடுமாறும் அளவுக்கு, அவர் வாயிலேயே வையுங்கள். எழுத்தாளன் தன் தீய பாத்திரத்திற்கு நல்ல வழக்கறிஞனாக இருக்கவேண்டும். தீர்ப்பு வாசகரிடம் இருக்கட்டும்.

நல்லவர்களிடமும் இதே நேர்மை வேண்டும். செபமாலை சொல்லும் அந்தத் தாய்க்குச் சினம் வராதா? அவர் இறந்தால் நிம்மதி என்று ஒருநாளேனும் அவள் எண்ணியிருக்க மாட்டாளா? எண்ணிவிட்டு அஞ்சியிருப்பாள் அல்லவா? அந்த ஒரு வரியை எழுதும் துணிவு இருந்தால், அவள் வண்ணப்படத்தின் சட்டத்திலிருந்து இறங்கி நம் தெருவில் நடக்கத் தொடங்குவாள். குறையே இல்லாத நல்லவரை வாசகர் வணங்கிவிட்டுக் கடந்து செல்வர். குறையோடு போராடும் நல்லவரையே தம் உறவாகக் கொள்வர்.

அடுத்து, உங்கள் பாத்திரம் கீழ்ப்படிய மறுக்கும் இடத்தைக் கூர்ந்து கவனியுங்கள். மொரியாக் 1933-இல் நாவலாசிரியரையும் அவர்தம் மாந்தரையும் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை விளக்கியுள்ளார். சொன்னபடியெல்லாம் கேட்கும் பாத்திரம் பெரும்பாலும் உயிரற்றது. உயிர் கூடக்கூட அது ஆசிரியருக்கு அடங்க மறுக்கும் என்பது அவர் பட்டறிவு. நம் கதையின் தந்தையை ஆலயத்திற்கு அனுப்ப முயன்றால், அவர் ஒருவேளை உள்ளே வராமல், திருப்பலி நேரத்தில் ஆண்கள் சிலர் நிற்கும் வெளிமரத்தடியிலேயே நின்றுவிடலாம். அங்கேயே நிற்கட்டும். ஒலிபெருக்கியில் பாடல் கேட்கிறது, பீடி அணைந்துவிட்டது, மகள் கதவருகே வந்து பார்க்கிறாள். அவர் அடியெடுத்து வைத்தாரா என்பதை எழுதித்தான் ஆகவேண்டுமா? அந்த இரண்டு அடி தொலைவில் நம் பங்கு மக்கள் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளாய் நிற்கிறார்கள்! அவர்களுள் ஒருவர் கையில் அவ்விதழ் கிடைத்தால், தம்மை யாரோ கண்டுகொண்டார் என்றாவது உணர்வார்.

பின்னடைவு என்னும் ஆசான்

எழுதியது திரும்பி வரும். இதழாசிரியரிடமிருந்து விடையே வராமலும் போகும். வெளிவந்தபின் நண்பரே ஒரு சொல்லால் குத்துவார். இவற்றைத் தாங்குவது எப்படி? மொரியாக்கைப்போல் புகழ் பெற்றவருக்கு ஆறுதல் எளிது என்று சொல்லக்கூடும். ஆகவே, தொடக்க நிலையிலேயே அடிபட்ட மற்றொரு கத்தோலிக்க எழுத்தாளரை நோக்குவோம். அமெரிக்கத் தென்மாநிலமான ஜார்ஜியாவில் 1925-இல் பிறந்தவர் பிளானரி ஓ'கானர்.

தம் முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது, அதனை வெளியிடுவதாயிருந்த பதிப்பகத்தின் ஆசிரியர் அதன் போக்கில் நிறைவுகொள்ளவில்லை. ஓ'கானருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. 1949-இல் அவர் தந்த மறுமொழி பணிவும் உறுதியும் கலந்தது. தாம் செய்ய முயல்வது எதுவோ அதன் எல்லைக்குள் நின்று குறை சொன்னால் ஏற்பேன். வேறொன்றைச் செய்யும்படி சொன்னால் இயலாது என்பதே அதன் சாரம். அப்பதிப்பகத்தோடு உறவு முறிந்தது. 1952-இல் வேறொரு பதிப்பகம் அந்நாவலை வெளியிட்டது. குறைகூறல் வரும்போதெல்லாம் நாமும் இந்த அளவுகோலை எடுக்கலாம். 'நான் சொல்ல முயன்றது உமக்கு வந்து சேரவில்லை' என்று ஒருவர் காட்டினால், தலைவணங்கித் திருத்தவேண்டும். 'நீர் சொல்ல முயன்றதே வேண்டாம்' என்றால், நன்றி கூறிவிட்டு நம் வழியில் செல்லவேண்டும். முன்னதை மறுப்பது ஆணவம். பின்னதற்கு இணங்குவது கோழைத்தனம்.

இதற்கிடையே, 1950-இன் இறுதியில், ஓ'கானர் நோயில் விழுந்தார். அவர் தந்தையை 1941-இல் கொண்டுசென்ற அதே லூபஸ் நோய். பெருநகர இலக்கிய வட்டத்தை விட்டு மில்லெட்ஜ்வில் ஊருக்கருகே தாயின் பண்ணைக்குத் திரும்பினார். மயில்களை வளர்த்தார், பிற்காலத்தில் ஊன்றுகோல்களோடு நடந்தார். ஒவ்வொரு நாளும் காலையில், வலுவிருக்கும் அந்தச் சில மணி நேரம், எழுதினார். ஊருக்குத் திரும்பியதைத் தோல்வி என்று அவர் எண்ணியிருந்தால் எழுதுவதற்கு எதுவும் மிஞ்சியிராது. பண்ணையில் வேலை செய்தோர், வந்துபோன விற்பனையாளர், மருத்துவரின் காத்திருப்பு அறையில் அமர்ந்திருந்தோர் ஆகியோரே அவர் கதைமாந்தராயினர். 1964 ஆகஸ்டு 3-ஆம் நாள், முப்பத்தொன்பது வயதில் இறந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் மருத்துவமனைப் படுக்கையிலும் தலையணைக்கடியில் தாள்களை மறைத்து வைத்துக்கொண்டு கதையைத் திருத்திவந்தார். 1946-இல் வெளிவந்த அவருடைய முதற்கதையை, மகளோடு பெருநகரில் வாழநேர்ந்து சொந்த ஊரை எண்ணி ஏங்கும் முதியவரின் கதையை, இறுதி நாட்களில் முற்றிலும் புதிதாக எழுதினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் தம் முதற்கதை முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட கதையைப் பதினெட்டு நாளில் மறந்துவிடும் நாம் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

கதை தன் ஆசிரியருக்கே தீர்ப்பிடும்போது

ஓ'கானரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவருடைய தனிக்கடிதங்களில் கறுப்பின மக்களை இழிவாகப் பேசும் இடங்கள் உள்ளன. அவை பரவலாகப் பேசப்பட்ட பின், 2020-இல் மேரிலாந்து லயோலா பல்கலைக்கழகம் மாணவர் விடுதி ஒன்றுக்கு இட்டிருந்த அவர் பெயரை நீக்கி, கறுப்பினத் துறவி தேயா போமன் பெயரை இட்டது. அத்தீர்மானத்தின் நியாயத்தை இங்கு நாம் ஆராய வேண்டுவதில்லை. எழுதுபவர் கற்கவேண்டிய வேறொன்று இதில் உள்ளது.

இறந்த ஆண்டில் வெளிவந்த அவருடைய கதை ஒன்றில், திருமதி டர்ப்பின் என்னும் பண்ணைக்காரப் பெண் தான் நல்லவள், ஒழுங்கானவள், கறுப்பினத்தாரையும் ஏழை வெள்ளையரையும் விட மேலானவள் என்று உள்ளூரப் பெருமை கொண்டவள். இறுதியில் ஒரு மாலைப் பொழுதில் அவளுக்கு ஒரு காட்சி தெரிகிறது. விண்ணகம் நோக்கி மக்கள் கூட்டம் ஏறிச் செல்கிறது. அவள் இழிவாகக் கருதியோர் முன்னே மகிழ்ந்து துள்ளிச் செல்கின்றனர். அவளையொத்த கண்ணியவான்கள் வரிசையின் கடைசியில் வருகின்றனர். அவர்களுடைய நற்பண்புகளும் எரிந்துபோகின்றன. கடிதம் எழுதிய ஓ'கானர் எட்டாத உயரத்தைக் கதை எழுதிய ஓ'கானர் எட்டிவிட்டார். எப்படி? தம் கருத்தைப் பாத்திரத்தின்மேல் திணிக்காமல், பாத்திரம் செல்லும் வழியே தாம் பின்சென்றதனால்தான். அது கொண்டு நிறுத்திய இடத்தில் அவருடைய தவறும் அம்பலமாயிற்று.

இங்குதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. நம் மாந்தரை நாம் மனந்திருப்ப வேண்டியதில்லை. அவர்களை விடுதலையோடு வாழவிட்டால், அவர்கள் நம்மை மனந்திருப்பக்கூடும். அடக்கமின்றி இது நிகழாது. கதைமாந்தரிடம் அடக்கம், குறைகூறுவோரிடம் அடக்கம், நம் சொற்கள் போதாமல் போகும் நாளில் அவற்றிடமும் அடக்கம். இம்மூன்றும் ஒரே நற்பண்பின் மூன்று முகங்கள்.

ஆகவே, அன்புக்குரிய இளம் எழுத்தாளரே, அடுத்த சிறப்பிதழுக்கு நீர் அனுப்பும் கதையில் யாரேனும் ஒருவர் ஆலய வாசலில் நிற்பாராயின், அவரை அவசரப்பட்டு உள்ளே தள்ளிவிடாதீர். கதை திரும்பி வந்தாலும், அவரைக் கைவிடாதீர். தாளை மீண்டும் எடுத்து, அவர் அருகே சென்று நின்று, அவர் ஏன் தயங்குகிறார் என்று மறுபடியும் கேளும். விடை சொல்ல அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவருக்குத் தருவதே எழுதுபவர் செய்யக்கூடிய அன்புச் செயல்.